வழக்குப் போட்டவர் என்ன ஆனார்

திண்டிவனத்தில் இளம் வக்கீல்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமைதோறும் ஒரு படிப்பு வட்டம் நடத்துகிறார்கள். போன மாதம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் பெரிய அட்டை ஒன்றை மாட்டியிருந்தார்கள். இடது பக்கம் நாடுகளின் கொடிகள். வலது பக்கம் அந்தந்த நாட்டு உயர்ந்த நீதிமன்றம் அரசியல் சாசனத்தைப் பற்றிச் சொன்ன பெரிய தீர்ப்பு, இரண்டு வரியில். இந்தியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, ஜெர்மனி என்று வரிசையாக இருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"இந்தக் கேசுங்கள எல்லாம் போட்டாங்களே, அவங்க என்னா ஆனாங்க?" என்று கேட்டேன்.

"அது எதுக்குங்கம்மா? பிரின்சிபிள்தான முக்கியம்" என்றது ஒரு பெண். நல்ல பிள்ளை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இருபது வருடத்துக்கு மேல் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு விழுப்புரத்தை அடுத்த கோலியனூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் கரைக்காரர்களைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது. அதை எழுதித் தாருங்கள் என்றார்கள், எழுதுகிறேன். சட்டம் தெரிந்தவர்கள் குறை கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும்.

நான் வக்கீல் இல்லை. வக்கீல் கோதண்டபாணி ஆபீசில் முப்பத்து மூன்று வருடம் டைப் அடித்தவள். பெயர் எஸ்தர். அப்பா அடுத்தவர் கழனியில் கரும்பு வெட்டியவர். பத்தாவது முடித்து, திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் பழகி, தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் பண்ணினேன். பாஸான கையோடு, திண்டிவனத்திலேயே இருந்த ஆபீசில், கோதண்டபாணி சாரின் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். இங்கிலீஷை மழை கொட்டுகிற மாதிரி அடிப்பேன். அர்த்தம் தெரியுமா என்றால் முக்கால்வாசி தெரியாது. விரலுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் கவலைப்பட்டதில்லை.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்த நிலம் வைத்து மல்லாட்டை போடுகிற குடும்பம், எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். அறுவடைக் காலத்தில் வேகவைத்த மல்லாட்டையை மேசை டிராயரில் கொட்டி வைத்திருப்பார். உட்கார்ந்து டிக்டேஷன் கொடுத்ததே கிடையாது. கதவிலிருந்து பீரோ வரை ஆறு எட்டு எடுத்து வைப்பார், திரும்பி ஆறு எட்டு. திரும்புகிற இடத்தில் வாக்கியத்தை முடிப்பார். நான் தப்பாக அடித்துவிட்டால் கத்த மாட்டார். அந்தத் தாளை எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடையைத் தொடர்வார். முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். ஜட்ஜைவிட அந்தச் சட்டைப் பைக்குத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன்.

எங்கள் ஆபீசுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேல் கோர்ட் தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுக்கும்போது மற்றவர்கள் ஜெராக்ஸ் கொடுப்பார்கள். சாருக்கு ஜெராக்ஸ் பிடிக்காது. சட்ட இதழ்களின் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், முன்சீப் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தால் மனசும் சுருங்கிவிடும் என்பார். அதனால் புத்தகத்தில் வேண்டிய பத்திகளின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டுக் கொடுப்பார். டிக்குக்கும் டிக்குக்கும் நடுவில் இருப்பதை மட்டும் நான் பெரிய எழுத்தில், இரட்டை இடைவெளி விட்டு அடிப்பேன். மூன்று செட். கோர்ட்டுக்கு ஒன்று, எதிர்த் தரப்புக்கு ஒன்று, சாருக்கு ஒன்று. நூல் கோத்துக் கட்டினால் பார்க்கவே ஒரு மரியாதை வரும். "கோதண்டபாணி செட்" என்று கோர்ட்டில் பெயரே இருந்தது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

டிக் போட்டதைத் தாண்டி ஒரு வரி நான் படித்ததில்லை. சாரும் பெரும்பாலும் தீர்ப்பின் தலையில் அச்சிட்டிருக்கும் சுருக்கத்தைப் பார்த்துத்தான் டிக் போடுவார். எல்லா வக்கீல்களும் அப்படித்தான். இது ரகசியம் ஒன்றும் இல்லை.

ஒரு ஆடி மாதம் பாக்கியம் ஆபீசுக்கு வந்தது. நாற்பது வயதிருக்கும். பிறந்த ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். புருஷனோடு களை எடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் கோலியனூர்ப் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டது. புருஷன் இறந்துவிட்டான், ஒரு பெண் பிள்ளை. வாய்க்கால் கரைப் புறம்போக்கில் இருபத்து இரண்டு குடும்பங்கள், எல்லாம் கூலி வேலைக்காரர்கள். பாக்கியத்தின் அண்ணன் கேஸ் ஒன்றை சார் முன்பு நடத்தியிருந்தார். அந்த நம்பிக்கையில் பஸ் ஏறி வந்துவிட்டது.

கையில் இரண்டு நோட்டீஸ் இருந்தது. ஏன் காலி செய்யக் கூடாது என்று காரணம் கேட்கும் நோட்டீஸ் ஒன்று, காலி செய் என்ற உத்தரவு இன்னொன்று. முதலாவதுக்குப் பதில் வாங்கிய பிறகுதான் இரண்டாவது வர வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒட்டியிருந்தார்கள்.

"எப்ப ஒட்னாங்க?" என்றார் சார்.

"நாங்க கழனிக்குப் போயிருந்தோம்ங்க ஐயா. வந்து பாத்தா ரெண்டும் கதவுல கீது. மழைக்கு முன்ன வாய்க்கா தூர் வாரணுமாம். வர்ற வாரம் ஜேசிபி வருதாம்."

"போறதுக்கு வேற எடம்?"

"எடம் இருந்தா வாய்க்கா கரையில எவன் குந்துவான்? மழை வந்தா தண்ணி உள்ளதான் வருது. எடம் குடுத்தா நாங்களே பிரிச்சிக்கினு போய்டுவோம்ங்க. கழனிக்கு நடந்து போற தூரமா இருந்தா போதும்."

பாக்கியத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். வீட்டைப் பிடுங்கும் முன்னால் வேறொரு இடம், நடக்கிற தூரத்தில். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் எங்கள் தொழில்.

விழுப்புரம் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். பாக்கியம் முதல் வாதி. அரசு மேல் வழக்கு என்றால் இரண்டு மாதம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அதற்கு விலக்குக் கேட்டு ஒரு மனு, இடைக்காலத் தடை கேட்டு ஒரு மனு. முன்சீப் சின்ன வயசுப் பெண். நோட்டீஸ் இரண்டின் தேதியையும் பார்த்தார், இரண்டு வாரத்துக்குத் தடை கொடுத்தார். ஜேசிபி வரவில்லை. கரைக்காரர்கள் எனக்கு ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்தார்கள், நான் கெட்ட நேரத்துக்கு வாங்கியும் கொண்டேன்.

தடையை நீட்டிக்கும் வாய்தாவுக்கு சார் ஒரே ஒரு தீர்ப்பை எடுத்தார். நம் உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் கொடுத்தது. சட்டம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உயிர் வாழும் உரிமை என்றால் பிழைப்பு நடத்தும் உரிமையும் சேர்த்துத்தான், குடிசையைப் பிடுங்கினால் பிழைப்பையும் பிடுங்குகிறீர்கள் என்று சொன்ன தீர்ப்பு. சிவப்பு டிக் நாலு இடத்தில் இருந்தது. நான் அடித்தேன், கோத்தேன், கட்டினேன். எதிர்த் தரப்புக்கு ஒரு செட் முந்தின நாளே கொடுத்தேன்.

கோர்ட்டில் சார் கம்பீரமாகத்தான் வாதாடினார். உட்கார்ந்ததும் அரசு வக்கீல் எழுந்தார். எங்கள் செட்டைத் தொடவே இல்லை. கையில் முழுப் புத்தகம் இருந்தது.

"எங்க நண்பர் சாப்பாட்டுல பாதிய பரிமாறிட்டு இலைய எடுத்துட்டாரு, யுவர் ஆனர்" என்று ஆரம்பித்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

கடைசிப் பக்கத்தில் இருந்தது இதுதான். பிழைப்பு உரிமை உண்டு, சரி. ஆனால் அகற்றுகிற சட்டமும் செல்லும். மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை குடிசைகளைத் தொடக் கூடாது, அப்புறம் எடுக்கலாம். பழைய கணக்கெடுப்பில் பெயர் வந்தவர்களுக்கு மாற்று இடம் கொடுங்கள் என்றும் இருந்தது. ஆனால் இடம் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

"அந்த வழக்கு போட்டவங்களையே எடுக்கலாம்னுதான் தீர்ப்பு. இத வச்சி இவங்க எப்படி தடை கேக்கறாங்க?" என்று முடித்தார்.

சார் நின்றார். கையிலிருந்த செட்டில் கடைசித் தாளைத் தேடினார். முன்சீப் எங்கள் செட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "கடைசிப் பக்கம் இதுல இல்லையே" என்றார். அடித்தவள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் யாரோ வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. முழுத் தீர்ப்போடு வாருங்கள் என்று பத்து நாள் வாய்தா கொடுத்தார். தடையும் அந்தப் பத்து நாள்தான்.

வெளியே டீக்கடையில் பாக்கியம் என் பக்கத்தில் வந்து நின்றது. கோர்ட்டில் பேசியது அதற்கு முழுசாகப் புரிந்திருக்காது என்று நினைத்தேன்.

"யக்கா, அந்த பம்பாய்க்காரங்க என்னா ஆனாங்க?"

"யாரு?"

"கேசு போட்டாங்களே. ஜெயிச்சாங்கன்னு ஐயா சொன்னாரு. எடுக்கலாம்னு அந்தாளு சொன்னாரு. அப்ப கேசு போட்டவங்க எங்க போனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தீர்ப்பை மட்டும் நான் பத்துப் பதினைந்து வழக்குகளுக்காவது அடித்திருப்பேன். அதில் மனுசர்கள் இருந்தார்கள் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. "தெரியல பாக்கியம்" என்று சொல்லும்போது வெட்கமாக இருந்தது. அது டீ கிளாசை வைத்துவிட்டுப் போயிற்று. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திண்டிவனம் திரும்புகிற பஸ்ஸில் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் செட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் திணிக்கப் பார்த்தார். அது போகவில்லை. "எஸ்தரு, உன் தப்பு இல்ல. வக்கீல் ஆனதுலேர்ந்து அந்த கடைசிப் பக்கத்த நானும் படிச்சதில்ல" என்றார். சீனியர் ஒருவர் தன் டைப்பிஸ்டிடம் இதைச் சொல்வது சாதாரணம் இல்லை. நான் அந்த மனுசனை மதித்ததற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

"எனக்கும் சேத்துதான் சார் தப்பு. இனிமே டிக் போட்டத மட்டும் அடிக்க மாட்டேன். முழுசா படிச்சிட்டுத்தான் அடிப்பேன்" என்றேன்.

"உனக்குப் புரியுமா?"

"புரியற வரைக்கும் படிக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பஸ்ஸிலேயே சண்டை போட்டிருப்பேன்.

இதே மாதிரி வேறு நாட்டில் யாராவது வழக்குப் போட்டிருப்பார்களே, அங்கே என்ன ஆயிற்று என்று அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சாருக்குத் தெரிந்த சட்டக் கல்லூரி வாத்தியார் ஒருவர், தென்னாப்பிரிக்காவில் பாருங்கள் என்று போனில் சொன்னார். இன்டர்நெட் சென்டரில் போய் உட்கார்ந்தேன். அந்த நாட்டுத் தீர்ப்புகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். இரண்டு தீர்ப்பை முழுசாக பிரிண்ட் எடுத்தேன். கடைக்காரப் பையன், "பரீட்சையா மேடம்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

கோர்ட் வேலையாக அந்த வாரம் தினமும் பஸ். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மடியில் தீர்ப்பு, அதன் மேல் டிக்‌ஷனரி. ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் பாதி வழிக்கு மேல் போய் விக்கிரவாண்டி வந்துவிடும். மூன்றாம் நாள் கொஞ்சம் பழகியது. ஐந்தாம் நாள் டிக்‌ஷனரியைத் தொடாமல் இரண்டு பக்கம் படித்தேன். நாற்பத்தைந்து வயதில், அத்தனை வருடம் அடித்த பாஷை அப்போதுதான் என்னோடு பேச ஆரம்பித்தது. எனக்குக் கண் கலங்கியது. பக்கத்து சீட்டுக்காரம்மா சாவு லெட்டரா என்று கேட்டார்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். கோர்ட் என்ன சொன்னது, கடைசிப் பக்கத்தில் என்ன உத்தரவு, வழக்குப் போட்டவர் என்ன ஆனார். மூன்றாவது கட்டம் பாக்கியம் கேட்டதற்காகப் போட்டது.

பம்பாய் வழக்கில் மூன்றாவது கட்டத்துக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. கேள்விக்குறி போட்டேன். அமெரிக்காவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் கூடாது என்ற பெரிய தீர்ப்பையும் வாத்தியார் சொல்லியிருந்தார். அதை எப்படி நிறைவேற்றுவது என்ற உத்தரவு அடுத்த வருடம்தான் வந்தது. அதிலும் கெடு தேதி கிடையாது, நிதானத்தோடு கூடிய வேகத்தில் செய்யுங்கள் என்று இருந்தது. எத்தனையோ ஊர்களில் நிதானம்தான் நடந்தது, வேகம் நடக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் முதல் தீர்ப்பைப் படித்தபோது பாக்கியத்தின் வீட்டையே படிப்பது போல இருந்தது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் குடியிருந்த ஏழைகள், காலியாகக் கிடந்த இடத்தில் குடிசை போடுகிறார்கள். குளிர் மழை ஆரம்பிக்கிற சமயத்தில் குடிசைகளை அதிகாரிகள் புல்டோசர் வைத்துத் தள்ளிக் கொளுத்துகிறார்கள். ஜனங்கள் ஒரு விளையாட்டு மைதானத்தில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு உட்கார்கிறார்கள். கேட்ட உடனே எல்லாருக்கும் வீடு கொடு என்று அரசை நாங்கள் சொல்ல முடியாது என்றது கோர்ட். ஆனால் தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களை மறந்துவிட்டுப் போடுகிற திட்டம் நியாயமான திட்டம் இல்லை என்றும் சொன்னது. உலகம் முழுக்க இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறார்கள். மூன்றாவது கட்டத்துக்காகத் தேடினேன். வழக்குக்குத் தன் பெயரைத் தந்த அந்தப் பெண்மணி, தீர்ப்பு வந்து பல வருடம் கழித்து, குடிசையிலேயே இறந்துபோயிருந்தார். இன்டர்நெட் சென்டரில் அதை இரண்டு முறை படித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. பாக்கியத்துக்கு இது நடக்க விட மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். என்னால் என்ன முடியும் என்று யோசிக்கவில்லை.

இரண்டாவது தீர்ப்பு ஒரு பெரிய நகரத்தில், இடிந்து விழுகிற கட்டடங்களில் குடியிருந்தவர்களுடையது. ஆபத்து, காலி செய்யுங்கள் என்றது நகர நிர்வாகம். கோர்ட் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. முதலில் அவர்களோடு உட்கார்ந்து உண்மையாகப் பேசுங்கள், பேசியதை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள் என்றது. பேசினார்கள். மாற்று இடத்துக்கு உடன்பாடு வந்தது. என் நோட்டில் மூன்றாவது கட்டம் நல்லபடியாக நிரம்பியது இதற்கு மட்டும்தான்.

நோட்டைக் கொண்டுபோய் சாரின் மேசையில் வைத்தேன். ஆறு எட்டு நடந்தார், திரும்பி ஆறு எட்டு நடந்தார். முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப நாம உரிமை உரிமைன்னு கத்தினது போதும்ன்ற."

"கத்துங்க சார். ஆனா அதோட நிறுத்தாதீங்க. பேசச் சொல்லி கேளுங்க."

வாய்தா அன்று மூன்று தீர்ப்பையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கொடுத்தோம். செட் செங்கல் கனம் இருந்தது. சார் எழுந்ததும் பம்பாய்த் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படித்தார். போன முறை நான் இதைச் சொல்லாமல் விட்டது தவறு என்றார். அரசு வக்கீலே ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போனார்.

"யுவர் ஆனர், கோலியனூர் வாய்க்காலுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? அந்தத் தீர்ப்பு இந்தக் கோர்ட்ட கட்டுப்படுத்தாது" என்றார் அரசு வக்கீல்.

"கட்டுப்படுத்தாது, ஒத்துக்கறேன்" என்றார் சார். "வாய்க்கால் தூர் வாரணும், அதையும் ஒத்துக்கறேன். எங்க கட்சிக்காரங்களே எடம் குடுத்தா போறோம்னு சொல்றாங்க. அத அதிகாரிங்க யாரும் இதுவரைக்கும் காது குடுத்து கேக்கல. அங்க பேசச் சொன்னதும் முடிஞ்சது. இங்கயும் ஒரு தடவ பேசச் சொல்லுங்க."

முன்சீப் வருவாய்த் துறையிலிருந்து வந்திருந்த ஊழியரைக் கூப்பிட்டார்.

"நீங்க இவங்ககிட்ட பேசுனீங்களா?"

"நோட்டீஸ் ஒட்னோம்ங்க மேடம்."

"ஒட்டினீங்க. பேசுனீங்களா?"

அவர் அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் ஃபைலைப் பார்த்தார். வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறேன், தாசில்தார் நேரில் வந்து இவர்களோடு உட்காரட்டும், அதுவரை யாரும் எதையும் இடிக்கக் கூடாது என்று முன்சீப் எழுதினார். பெரிய வார்த்தை ஒன்றும் அந்த உத்தரவில் இல்லை. ஒரே பக்கம். நான் அதை மூன்று முறை படித்தேன்.

பேச்சு நான்கு முறை நடந்தது. முதல் முறை தாசில்தார் காட்டியது பஸ்ஸே போகாத கல்லாங்குத்து, கல்லும் முள்ளுமான தரிசு. "அங்க போனா இன்னாத்த கொத்தறது? கழனி இங்க, நாங்க அங்க. காலைல ஆறு மணிக்கு களைக்கு நிக்கணும்ங்க" என்றது பாக்கியம். எடம் இதுதான் இருக்கிறது, வேண்டாமென்றால் உங்கள் இஷ்டம் என்றார் அவர். "இஷ்டம்னு சொல்லாதீங்கய்யா. பேசத்தான கோர்ட்டு சொல்லிச்சி? பேசுங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, அடக்கிக்கொண்டேன். கரைக்காரர்களே ஊருக்குள் அரசுப் புறம்போக்கு ஒன்றைக் காட்டினார்கள். கழனிக்கு அரை மணி நடை. அளந்து பார்த்து நான்காவது முறை தாசில்தார் ஒத்துக்கொண்டார். நியாயமாகச் சொன்னால் அவரும் அதற்காக மேலிடத்தில் மல்லுக்கட்டினார்.

சமரசக் குறிப்பை நான்தான் அடித்தேன். அரசுத் தரப்பு கொடுத்த மாதிரியில் வாதிகள் காலி செய்வார்கள் என்பது முதல் பத்தி, மாற்று இடத்துக்குப் பட்டா கொடுக்கப்படும் என்பது இரண்டாவது பத்தி. நான் அடிப்பதை நிறுத்தினேன். பம்பாயில் விட்ட நிபந்தனை இதுதானே. பட்டா கையில் வந்து பதினைந்து நாள் கழித்துக் காலி செய்வார்கள் என்று மாற்ற வேண்டும் என்றேன். டைப்பிஸ்ட்டுக்கு என்ன வந்தது என்று அரசு வக்கீல் கேட்டார். "அவங்க சொல்றதுதான் எங்க தரப்பு" என்றார் சார். அப்படியே மாற்றினோம்.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பட்டா பட்டியல் வந்தபோது இருபத்தொரு பெயர் இருந்தது. முதல் வாதியின் பெயர் இல்லை. பட்டியலை உள்ளூர் ரேஷன் கார்டை வைத்துத் தயாரித்திருந்தார்கள். பாக்கியத்தின் கார்டு இன்னும் திண்டிவனம் பக்கத்துப் பிறந்த ஊரிலேயே இருந்தது. மாற்றப் போகும்போதெல்லாம் ஒரு நாள் கூலி போகிறதென்று விட்டிருக்கிறது. பம்பாயில் கணக்கெடுப்பு, இங்கே ரேஷன் கார்டு. தென்னாப்பிரிக்காப் பெண்மணியின் கதை என் கண் முன்னால் மறுபடியும் நடக்கப் பார்த்தது.

"ஒண்ணுதான விட்டுப் போச்சி, தனியா மனு போடட்டும், பாத்துக்கலாம். மீதி பேரு வாங்கிக்கினு வழக்க முடிச்சிக்கலாம்" என்றார் ஊழியர். பாக்கியமும் சோர்ந்துபோய், "போவட்டும்க்கா, என்னால இவங்களுக்கு கெட வேணாம்" என்றது.

"வாய மூடு பாக்கியம்" என்றேன். அப்படி யாரிடமும் நான் பேசியதில்லை. கரைக்காரர்கள் இருபத்தொரு குடும்பத்தையும் கோர்ட் வளாகத்து வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தேன். நோட்டைப் பிரித்து அந்தப் பெண்மணி எப்படி இறந்தார் என்று சொன்னேன். அவர் பெயரில் வழக்கு உலகப் புகழ் பெற்றது, அவருக்கு வீடு வரவில்லை என்றேன். அப்புறம் ஒரு பெரியவர் தரையில் கையை ஊன்றி எழுந்தார். "பாக்கியம் பேர்லதான கேசு. அதுக்கு வராம நாங்க ஒருத்தரும் கை நீட்டி வாங்க மாட்டோம். எழுதிக்கோமா" என்றார். எழுதிக்கொண்டேன். இருபத்தொரு கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனுவை சார் தாக்கல் செய்தார். கூடவே பாக்கியம் அந்தக் கரையில் குடியிருந்ததற்கு, அரசு ஒட்டிய நோட்டீசையே சாட்சியாகக் கொடுத்தோம். அதில் அதன் பெயரை அவர்களே எழுதியிருந்தார்கள்.

நோட்டீஸ் ஒட்டும்போது குடியிருந்தவர், பட்டா கொடுக்கும்போது எப்படி இல்லாமல் போனார் என்று முன்சீப் ஒரே கேள்விதான் கேட்டார். மூன்று வாரத்தில் இருபத்து இரண்டாவது பட்டா வந்தது. மழை அதற்குள் ஆரம்பித்திருந்தது. அந்த வருடம் வாய்க்கால் கொஞ்சம் தாமதமாகத்தான் தூர் வாரினார்கள். கரைக்காரர்களே கூரையைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள், ஜேசிபி எந்த வீட்டையும் தொடவில்லை.

பட்டா கொடுத்த நாள் நானும் சாரும் போயிருந்தோம். பாக்கியம் தன்னுடையதை வாங்கி, தன் பெயரை மகளை விட்டுப் படிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டது. பிறகு என்னிடம் வந்தது.

"யக்கா, பம்பாய் கேசு, அந்தம்மா கேசு எல்லாம் புக்குல வந்துகீதுன்ன. நம்ம கேசும் வருமா?"

"வராது பாக்கியம். முன்சீப் கோர்ட் கேசெல்லாம் புக்குல போட மாட்டாங்க."

அது பட்டாவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டது.

"வராட்டி போவுது. என் பேரு இதுல வந்துட்சி" என்றது. மல்லாட்டைக் கழனியில் பாதி நாள் வேலை பாக்கி இருக்கிறதென்று அப்படியே நடந்து போயிற்று.